கேட்காமல் சொல்லப் பழக்கினேன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள்? இரண்டு தடவை ஆரம்பித்து, எழுதிய தாளில் கடைக்கு வந்தவர்களுக்கு மிளகாய் மடித்துக் கொடுத்துவிட்டேன். மிளகாய் வாங்கிப் போன ஒருவராவது திரும்பி வந்து மீதிக் கதை என்ன என்று கேட்கவில்லை. அதிலேயே என் எழுத்தின் லட்சணம் தெரிந்துபோயிற்று. ஆனாலும் என்னைப் பெற்ற வாப்பா மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருஷமாகிறது. ஊரில் இன்னும் அவரைப் பற்றிச் சிரிப்பதற்கு நான் செய்த கேலிகள்தான் இருக்கின்றன. கேலி செய்தவனே மீதியையும் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். பள்ளிவாசல் தெருவில் எங்கள் பலசரக்குக் கடை. வாப்பா அந்தக் கடையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கேட்ட சாமானின் மேல்தான் அவர் விரல் போய் நிற்கும். நான் அவருக்கு உதவி என்று பெயர். உண்மையில் வருகிறவர் போகிறவரை வம்புக்கு இழுப்பதுதான் என் வேலை.

ஒருநாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் அடுத்த தெரு மாமி ஒருவர் வந்தார்.

"நெய்ச்சோத்துக்குக் கொஞ்சம் கிராம்பு குடுங்க."

வாப்பா அவரை மரியாதையாகப் பார்த்தார். "கிராம்புன்னா என்ன?" என்று கேட்டார்.

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "மகன் அடிக்கிற கேலி காணாதுன்னு வாப்பாவும் ஆரம்பிச்சிட்டீகளாக்கும்?"

நானும் சிரித்தேன். வாப்பாவுக்கு இவ்வளவு குறும்பு உண்டா என்று எனக்குப் பெருமைகூட. டப்பாவை இறக்கிக் கிராம்பை மடித்துக் கொடுத்தேன். மாமி போன பிறகு வாப்பா ஒரு கிராம்பை எடுத்து விரலில் உருட்டினார். முகர்ந்தார்.

"நல்ல வாசம்ப்பா. இதுக்கு ஒரு பேரு இருக்கும்ல?" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சீரகம் கேட்டால் சோம்பு நிறுத்தார். கடுகு கேட்டவருக்குக் கசகசா போயிற்று. தப்புதான், ஆனால் ஒரே வீட்டு அண்ணன் தம்பியை மாற்றிக் கூப்பிடுகிற மாதிரித் தப்பு. சீரகம் கேட்டவருக்கு அவர் ஒருநாளும் சோப்புக் கட்டியைக் கொடுத்ததில்லை. கொஞ்ச மாசத்தில் சீரகம், சோம்பு, வெந்தயம், மிளகு எல்லாமே அவர் வாயில் "விதை" ஆயின. பிறகு விதையும் போய் எல்லாம் "சாமான்". ஊர் முழுக்கத் தனித்தனி வீடாக இருந்தது, முதலில் வீட்டு எண் அழிந்து, பிறகு தெருப் பெயர் அழிந்து, கடைசியில் "ஊர்" என்பது மட்டும் மிஞ்சினால் எப்படி? அப்படி.

ஆனால் நடந்தது எதுவும் அவருக்கு மறக்கவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. "முந்தாநாத்து அந்தச் செவப்புச் சேல வந்துச்சுல்ல, நொண்டி ஆட்டக் கூட்டிக்கிட்டு, அது வாங்கிட்டுப் போன சாமான் சரியில்லன்னு சொல்லுச்சு, மாத்திக் குடுத்துரு" என்பார். வந்தது, ஆடு நொண்டியது, சொன்னது, எல்லாம் சரி. சாமானின் பெயரும் அது எதற்கானது என்பதும் மட்டும் இல்லை.

நான் சும்மா இருப்பேனா? அதை ஒரு விளையாட்டாக்கினேன். கடை வாசலில் நாலு பேர் இருக்கும்போது தராசுப் படிக்கல்லைத் தூக்கிக் காட்டி, "வாப்பா, இது என்ன?" என்பேன். அவர் யோசித்து, "கனமான சாமான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். வாப்பாவும் சிரிப்பார். ஒருநாள் உப்பளத்துக் கழுதை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தினேன்.

"வாப்பா, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆடு."

"நல்லாப் பாருங்க."

வாப்பா இறங்கி வந்து கழுதையின் காதைத் தடவிக் கொடுத்தார். "பெரிய ஆடு" என்றார்.

தெருவே சிரித்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டல் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைத்ததில்லை. உள்ளே போனேன். உம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து.

"நீ கேலி பண்ணிப் பண்ணித்தான்டா அவரு வாயி போச்சு" என்றார்.

அது உண்மையில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். சொல்லியும் உம்மாவின் அந்த வார்த்தை எனக்குள்ளிருந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

வாப்பாவை இராமநாதபுரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர். "காலையில எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். பஸ் எங்கே பஞ்சர் ஆனது, டிரைவர் யாரைத் திட்டினார், பக்கத்தில் உட்கார்ந்தவர் எத்தனை தடவை தும்மினார் என்று வாப்பா வரிசையாகச் சொன்னார். "ஞாபகம் என்னைவிட நல்லா இருக்கே" என்று டாக்டர் சிரித்தார். நான் அவர் பேனாவைக் காட்டச் சொன்னேன்.

"குச்சி" என்றார் வாப்பா.

டாக்டர் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் காட்டினார். அதுவும் குச்சி. கழுத்தில் போட்டிருந்ததைக் காட்டினார். "கயிறு."

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சில பேருக்கு நடந்தது மறக்கும். இவருக்குச் சொல்லுக்கு உள்ள இருக்கிற பொருள் கரையுது. பேரை மறுபடி சொல்லிக் கொடுத்தா ஒட்டாது. வாய் சொல்லும், உள்ள எறங்காது" என்றார். சத்துக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் வாப்பா, "அந்தப் புள்ள ஏன் திடீர்னு மூஞ்சிய மாத்திக்கிருச்சு?" என்று கேட்டார். டாக்டரைச் சொன்னார்.

என் கூட்டாளி ஒருவன் உண்டு. மீன்பிடிக்கிற வேதக்காரக் குடும்பம். கரையில் மாதா கோயிலை ஒட்டி அவர்கள் குடிசை. கழுதையை இழுத்து வந்ததில் பின்னாலிருந்து தள்ளியது அவன்தான். அவனுடைய தாய்மாமனுக்கு எங்கள் வாப்பாவுக்கு நேர் எதிரான கோளாறு. வாடைக் காற்றில் படகில் பாய் கட்டுகிற கம்பு சரிந்து பின்னந்தலையில் விழுந்ததிலிருந்து புதிதாக நடப்பது எதுவும் அவர் தலையில் தங்காது. சோறு தின்று கை கழுவிய கையோடு, "இன்னும் சோறு ஆகலையா?" என்பார். ஆனால் சொல்லில் ஒரு குறையும் இல்லை. எந்த மீனைக் காட்டினாலும் அதன் பெயர், அது எந்தத் தண்ணியில் மேயும், எந்தக் காற்றுக்குக் கரைக்கு வரும், குழம்புக்கா கருவாட்டுக்கா என்று பாடமாய்ச் சொல்வார்.

"ஏலே, உங்க வாப்பாவையும் எங்க மாமனையும் சேத்து வச்சா ஒரு முழு ஆளு தேறும்ல?" என்றான் கூட்டாளி.

வேடிக்கைக்காகத்தான் சொன்னான். நான் செய்தே பார்த்துவிட்டேன். அவன் மாமனைக் கூட்டிவந்து கடையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார வைத்தேன். கேட்டால் நம்பமாட்டீர்கள், ஒரு மாசம் ஓடியது. யாராவது வந்து சாதிக்காய் கேட்பார்கள். வாப்பா மாமனைப் பார்ப்பார்.

"சாதிக்காயின்னா என்ன?"

"உருண்டையா, கெட்டியா, பழுப்பா இருக்கும் மொதலாளி. பிள்ளைக்கு வயித்தால போனா இழைச்சுக் குடுப்பாக. அந்தா, மூணாவது டப்பா."

வாப்பா எடுத்துக் கொடுப்பார். கொஞ்ச நேரம் கழித்து மாமன், "இன்னைக்கு யாருமே கடைக்கு வரல போல?" என்பார். "வந்தாகளே, பச்சைக் கைலி வந்துச்சு, மீசைய எடுத்துட்டு வந்துச்சு" என்று வாப்பா சொல்வார். "அப்படியா? ஏன் எடுத்தானாம்?" என்று மாமன் புதிதாய்க் கேட்டுச் சிரிப்பார். அதே மீசையைப் பற்றி நாலு தடவை கேட்டு நாலு தடவை சிரிப்பார். வாப்பா சலிக்காமல் சொல்வார். அவர்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். மாமன் "சாதிக்காய்" என்று சொன்னால் வாப்பாவும் "சாதிக்காய், சாதிக்காய்" என்று சுத்தமாகத் திருப்பிச் சொல்வார். ஓர் எழுத்துப் பிசகாது. ஆனால் அடுத்த நிமிஷம் கேட்டால், "சாதிக்காயின்னா என்ன?" டாக்டர் சொன்னது கண்முன்னால் நடந்தது. வாய் சொல்லும், உள்ளே இறங்காது.

ஒரு மாசத்துக்குப் பிறகு மாமன் குளிர்காய்ச்சலில் படுத்தார். அவர் இல்லாத ஒரு மதியம், பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஆலிம்சா வீட்டிலிருந்து கல்கண்டு கேட்டு ஆள் வந்தது. ஆலிம்சாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது, பாலில் போட்டுக் குடிப்பதற்கு. நான் எங்கேயோ யாரையோ வம்பிழுத்துக்கொண்டிருந்தேன். வாப்பா வெள்ளையாய், கட்டியாய், பளபளப்பாய் இருந்ததை அள்ளிக் கொடுத்துவிட்டார். படிகாரம். பால் திரிந்து, வாயெல்லாம் சுருங்கி, அன்றைக்கு அந்தி மஹ்ரிப் தொழுகையில் ஓதக் குரலே எழும்பாமல் ஆலிம்சா நின்றார். ஊர் சிரித்தது. ஆலிம்சா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. யோசித்தார். அதுதான் எங்களுக்கு ஆபத்தாயிற்று.

ஏனென்றால் அந்தச் சமயத்தில் எனக்கு மூத்தவளான என் ராத்தாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தொண்டிக்காரர், கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பாஸ்போர்ட், விசா என்றெல்லாம் வந்துவிட்ட காலம். அவர் இக்கரையில் இருக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

எங்கள் நிக்காஹில் பெண் சபைக்கு வரமாட்டாள். அவளுக்காக அவளுடைய வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளைப் பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று சொல்ல வேண்டும். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற பணம். அப்படிப் பெண்ணுக்காகச் சொல்கிறவரை வலிகாரர் என்போம். வாப்பாவும் பாட்டனாரும் இல்லாவிட்டாலோ, அவர்களுக்குப் புத்தி சுவாதீனம் இல்லாவிட்டாலோ அந்த உரிமை கூடப்பிறந்தவனுக்கு வரும். எங்கள் பாட்டனார் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஆக, அடுத்த ஆள் நான்.

நிக்காஹுக்குப் பத்து நாள் முன்னால் ஆலிம்சா கடைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, நல்லாருக்கீகளா? நிக்காஹ் நெருங்கிருச்சே."

வாப்பா அவரை மரியாதையாகப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"நிக்காஹ்ன்னா என்ன?" என்றார் வாப்பா.

நான் குறுக்கே பாய்ந்தேன். "ஆலிம்சா, கல்யாணம் முடிச்சு முப்பது வருசமான மனுசன்கிட்டக் கேட்டா அவரு வேற என்ன கேப்பாரு?"

ஆலிம்சா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து என் கையைப் பிடித்துக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கேலிக்கு ஒரு எடம் இருக்கு. இதுல விளையாடாத. வலிகாரரா நிக்கிறவருக்குத் தான் என்ன சொல்லுறோம்னு வெளங்கணும். எந்தப் பாஷையில வேணாலும் சொல்லலாம், வெளங்காமச் சொல்லக் கூடாது. முடியலன்னா நீ சொல்லு. அதுல ஒரு குத்தமும் இல்ல."

"அவருக்கு நல்லா வெளங்கும் ஆலிம்சா. பல்லு வலியில ரெண்டு நாளா இப்படிப் பேசுறாரு."

அவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது.

நான் சொல்வதில் குற்றம் இல்லைதான். ஆனால் வாப்பா சபையில் உயிரோடு உட்கார்ந்திருக்க மகன் எழுந்து சொன்னால், பெண்ணின் வாப்பாவுக்குப் பைத்தியம் என்று மறுநாள் தொண்டி முழுக்கப் பேசுவார்கள். அந்தப் பேச்சு நிக்காஹுக்கு முன்பே எட்டினால் மாப்பிள்ளை வீட்டார் வராமலே போகலாம். இதெல்லாம் எனக்கும் உம்மாவுக்கும் இருந்த பயம். ராத்தாவுக்கு இருந்தது வேறு. அவள் அழுதுகொண்டே ஒன்றையே சொன்னாள்: "வாப்பா வாயால சொல்லி என்னைய அனுப்பணும். நீ சொல்லி நா போகமாட்டேன். நீ எதத்தான் ஒழுங்காச் சொல்லியிருக்க?"

அவள் சொன்னது நியாயம்தான்.

நிக்காஹ் அன்று ஆலிம்சா ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுப்பார், வலிகாரர் திருப்பிச் சொன்னால் போதும். வாப்பாவால் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்ல முடியும். சிக்கல் ஒன்றுதான். நடுவில் நிறுத்திக் கேட்டுவிடுவார். ஆக, அவருக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்காமல் இருக்கப் பழக்க வேண்டும்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடைக் கதவைச் சாத்தினோம். கூட்டாளிதான் மாப்பிள்ளை. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கன்னத்தில் வெட்கத்தை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என் மகளை" என்றேன்.

"என் மகளை" என்றார் வாப்பா. பிறகு, "மகள்னா என்ன?"

"ராத்தா, வாப்பா."

"ராத்தான்னா என்ன?"

கதவு இடுக்கு வழியாக வீட்டு முற்றத்தைக் காட்டினேன். ராத்தா தொட்டியிலிருந்து தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். "அந்தா, அங்கன நிக்கிறா பாருங்க, அவ."

"அவளா?" வாப்பாவின் முகம் மாறியது. "அவ மூணு நாளா எடது கையாலதான் மோக்குறா. மீன் கழுவையில முள்ளு குத்திருச்சு. எங்கிட்டக் காட்டாம மறைக்கிறா. காலையில அடுப்பு முன்னாடி அழுதா. பொகையின்னு சொன்னா, பொகை இல்ல."

மூன்று நாளாக அதே வீட்டில் இருந்த நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

கூட்டாளி தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்போதே எழுந்து ஓடிப்போய் ஆலிம்சாவிடம், மகள் என்ற சொல்தான் வாப்பாவிடம் இல்லை, மகள் இருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டிருக்கலாம். எனக்கு அவசரம். நாள் எட்டுதான் இருந்தது. "அது கெடக்கட்டும் வாப்பா, கேக்காமச் சொல்லுங்க" என்றேன்.

கேட்கும்போதெல்லாம் என் உதட்டில் விரலை வைத்தேன். கேட்காமல் முழுசாகச் சொன்னால் வாயில் ஒரு பேரீச்சம்பழம். நாலாம் நாள் கேள்வி அவர் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது தெரிந்தது. உதடு குவியும், என் விரலைப் பார்ப்பார், விழுங்கிவிடுவார். ஏழாம் நாள் உதடும் குவியவில்லை. கூட்டாளி பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "போதும்டா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றான். அவனைக் கிறுக்கன் என்று திட்டிவிட்டுப் பழத்தைப் பிடுங்கி நானே ஊட்டினேன்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசல் நிறைந்திருந்தது. வாப்பா வெள்ளைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தார். ஆலிம்சா எடுத்துக் கொடுத்தார். வாப்பா சொன்னார். ராத்தாவின் பெயர், மஹர், எல்லாம். கணீரென்று, சபையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி. இருபத்தெட்டு வருஷம் கடையில் உட்கார்ந்த குரல். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். துவா ஓதினார்கள். நான் தூணில் சாய்ந்துகொண்டேன்.

சர்பத் கொடுக்க ஆரம்பித்தார்கள். வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு மெதுவாகப் பேசவும் மறந்துபோயிருந்தது.

"கேக்காமச் சொல்லிட்டேன்ல? பாதியில ரெண்டு தடவ வந்துச்சு, அமுக்கிட்டேன். இனி அவ அழமாட்டால்ல?"

ஆலிம்சா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அவர் என்னைத் திட்டவில்லை. "வா" என்று மட்டும் சொன்னார். பள்ளியின் பக்கத்து அறைக்கு மாப்பிள்ளையையும் அவர் பெரிய வாப்பாவையும் பாங்கு சொல்கிற மோதினாரையும் கூப்பிட்டு அனுப்பினார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒண்ணுமில்ல மாப்ளே. எதுக்கும் ஒரு பேணுதலுக்காக இன்னொரு தடவ சொல்லிக்கிருவோம். பொண்ணோட தம்பி சொல்லுவாரு. சாட்சிக்கு இவுக ரெண்டு பேரு. வெளிய பேச வேண்டாம்" என்றார் ஆலிம்சா.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், பெரிய வாப்பாவைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "சொல்லுங்க மச்சான்" என்றார். பெருந்தன்மையான மனிதர். இன்றுவரைக்கும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆலிம்சா எடுத்துக் கொடுக்க, நான் திருப்பிச் சொன்னேன். என்னுடன் கூடப்பிறந்தவளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன். சீக்கிரம் முடிய வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. பாதியில் நாக்கு குழறி ஒரு தடவை மறுபடி ஆரம்பித்தேன். சொல்லி முடித்துத் தலையைத் தூக்கியபோது வாசலில் வாப்பா நின்றிருந்தார், கையில் எனக்காகக் கொண்டுவந்த சர்பத்தோடு.

சர்பத்தை என் கையில் கொடுத்தார். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். பாதித் தெருவில் நின்றார்.

"நான்தான் கேக்கலையேப்பா. அப்புறம் ஏன் நீ சொன்ன?"

எதைக் கேட்டாலும் என் வாயில் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்கு, "சும்மாதான் வாப்பா" என்றேன். அவர் தலையாட்டினார். நடந்தது எதையும் மறக்காத மனிதர் என்பதை அந்தத் தலையாட்டலில் நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ராத்தா தொண்டிக்குப் புறப்பட்டாள். வாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க சொன்னது தெரு வரைக்கும் கேட்டுச்சுன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைக சொல்லுச்சுக வாப்பா" என்றாள். வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளுடைய முள் குத்திய கையைத் திருப்பிப் பார்த்து, ஆறிவிட்டதா என்று விரலால் தடவினார். பக்கத்து அறையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும். இதை மிளகாய் மடிக்கக் கொடுத்ததற்கு உண்மையான காரணமும் அதுதான்.

அதற்கப்புறம் வாப்பா கேட்பதை விட்டுவிட்டார். நிக்காஹைப் பற்றி மட்டுமில்லை, எதைப் பற்றியும். கடையில் யாராவது வந்து எதையாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். அதுவரைக்கும் ஒவ்வொரு சொல்லும் போகப் போக, அது என்ன, இது என்ன என்று அதன் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனவர். அந்தக் கையை நான் மடக்கிவிட்டேன். குளிர்காய்ச்சல் தீர்ந்து கூட்டாளியின் மாமன் மறுபடி வந்து மூட்டைமேல் உட்கார்ந்தபோதும் வாப்பா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாமனுக்கு அது தெரியாது. முதல் நாள் போலவே, "இன்னைக்கு யாருமே வரல போல?" என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் உங்க வாப்பா எதையும் கேக்குறதில்லையே, கொணமாயிருச்சோ?" என்று உம்மா ஒருநாள் ஆசையோடு கேட்டார். நான் கடைக்குப் போய்விட்டேன்.

நிக்காஹ் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கரையில் கூட்டாளி கிழிந்த வலையை ஊசி நூலால் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அந்த அறையில் நடந்ததை அவனிடம் மட்டும் சொன்னேன். அவன் ஊசியை நிறுத்தாமல் கேட்டான். எனக்கு என் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

"நா என்னடா செய்ய? வாப்பா சொன்ன ஒரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. தெரிஞ்ச ஆளுதான் சொல்லணும்னு ஆலிம்சா சொல்லிட்டாரு. அதான் நா சொன்னேன்."

கூட்டாளி பல்லால் நூலைக் கடித்துத் துப்பினான்.

"ஏலே, நீ சொல்லும்போது ஒனக்குத் தெரிஞ்சுதாக்கும்?"